படம் ஓடுகிறது, பேச்சு எங்கே? – ஒரு மும்பை ரசிகனின் கணக்கு

நான் விமர்சகன் இல்லை. சினிமா இலக்கணம் படித்தவனும் இல்லை. முன்பெல்லாம் வரிசையில் நின்று டிக்கெட் வாங்கி, இப்போது பேத்தி போனில் எடுத்துத் தரும் டிக்கெட்டில், ஐம்பது வருஷத்துக்கு மேலாகப் படம் பார்த்துக்கொண்டிருக்கும் சாதாரண ரசிகன். ‘சமீபத்துல நல்லா ஓடின படங்களைப் பத்தி உங்க மனசுல பட்டதை எழுதிக் குடுங்க’ என்று மலர்க்குழு நண்பர்கள் கேட்டபோது முதலில் தயங்கினேன். சங்கப் பாடலையும் சோழர் செப்பேட்டையும் ஆராய்ந்து எழுதும் பெரியவர்களுக்கு நடுவே ரஜினி படமும் விஜய் படமும் எதற்கு என்று தோன்றியது. அப்புறம் யோசித்துப் பார்த்தேன். நம் பிள்ளைகளில் எத்தனை பேர் சங்கப் பாடல் படிக்கிறார்கள்? ஆனால் தமிழ்ப்படம் பார்க்காத பிள்ளை நம் குடியிருப்பில் ஒன்றுகூட இல்லை. அப்படியானால் அவர்கள் காதில் விழும் தமிழ் எது என்று பார்ப்பதும் ஒரு ஆராய்ச்சிதானே!

இப்படி யோசிக்க வைத்தது ஒரு சின்னச் சம்பவம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாப்பிட்டுவிட்டுச் சோபாவில் சாய்ந்தவன் கண் அயர்ந்துவிட்டேன். பேத்தி டி.வி.யில் ‘லியோ’ போட்டிருந்தாள். அரைத்தூக்கத்தில் காதில் விழுந்துகொண்டே இருந்தது. அனிருத்தின் பின்னணி இசை, கார் உறுமல், துப்பாக்கிச் சத்தம், மறுபடி இசை. முன்பே தியேட்டரில் பார்த்த படம் என்பதால் எந்தக் காட்சி ஓடுகிறது என்றுகூடக் கண்ணைத் திறக்காமல் சொல்ல முடிந்தது. கால் மணி நேரம் போயிருக்கும். அப்போதுதான் ஒருவர் நாலு வார்த்தை பேசினார், இந்தியில்! திடுக்கிட்டு எழுந்தேன். ‘என்னம்மா, இந்தியிலயா பாக்குறே?’ என்றேன். ‘ஆமா தாத்தா. எதுல பாத்தா என்ன? ஒரே மாதிரிதானே இருக்கு’ என்றாள்.

அவள் மேல் கோபம் வரவில்லை. எனக்கே கால் மணி நேரம் வித்தியாசம் தெரியவில்லையே! ஒரு தமிழ்ப்படம் எந்த மொழியில் ஓடுகிறது என்று தமிழனுக்கே தெரியாமல் போனால், அந்தப் படத்தில் தமிழ் எங்கே இருந்தது? அன்றிலிருந்து படங்களுக்கு நான் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். வசூல் கணக்கு தயாரிப்பாளருக்கு. என் கணக்கு வேறே. படம் பார்த்துவிட்டு வீட்டுக்கு வரும்போது கூடவே எத்தனை தமிழ்ச்சொல் வருகிறது? அவ்வளவுதான்.

தியேட்டரே பள்ளிக்கூடம்

இந்தக் கணக்கின் பின்னணியைச் சொல்லணும். 1978-ல் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பம்பாய் வந்து இறங்கினேன். அன்றைக்குத் தமிழ்ப்படம் என்பது தண்ணீர் மாதிரி அளந்துதான் கிடைக்கும். மாட்டுங்காவில் அரோரா தியேட்டரில் தமிழ்ப்படம் போட்டால் தாராவி, சயான், செம்பூர் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் ஆள் வரும். 80-களில் தூர்தர்ஷனில் ஞாயிறு மத்தியானம் மாநில மொழிப் படம் போடுவார்கள். வங்காளம், மலையாளம், அசாமி எல்லாம் வந்து போய், எப்போதாவது ஒருநாள் தமிழுக்கு முறை வரும். அன்றைக்கு டி.வி. இருக்கிற வீட்டில் கால் வைக்க இடம் இருக்காது.

கிடைத்த கொஞ்சத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டோம். ‘திருவிளையாடல்’, ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ வசன கேசட் இல்லாத தமிழ் வீடு அபூர்வம். ‘பராசக்தி’ 1952-ல் வந்தது. கலைஞர் எழுதிய அதன் நீதிமன்றக் காட்சியை, படம் வந்தபோது பிறந்தே இராத பையன்கள்கூட மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள். நம் ஆண்டு விழா மாறுவேடப் போட்டியில் வருஷத்துக்கு ஒரு கட்டபொம்மன் கட்டாயம் உண்டு. அட்டையில் செய்த வாளோடு மேடையேறி, ஜாக்சன் துரையைக் கேள்வி கேட்கும் அந்த ஆறு வயசுப் பிள்ளைக்கு ‘ழ’கரம் வராது. ஆனாலும் ஒரு பக்கத் தமிழ் அவன் நாக்கில் ஏறி உட்கார்ந்துவிடும். அந்தத் தமிழை யாரும் வீட்டில் பேசுவதில்லை என்பது உண்மைதான். மேடைத்தமிழ், அடுக்குத்தமிழ். இருந்தாலும் தமிழ்.

இப்போது ஆண்டு விழாவில் மேடை முழுக்க நடனம். பிள்ளைகள் நன்றாகவே ஆடுகிறார்கள், குறை சொல்லவில்லை. ஆனால் ‘லியோ’விலிருந்து ஒரு பக்கம் வசனம் ஒப்பிக்கச் சொன்னால் எதை ஒப்பிப்பார்கள்?

நாலு படம், நாலு கணக்கு

இனி படங்களுக்கு வருகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த நாலு படத்தையும் நான் ரசித்துத்தான் பார்த்தேன்.

லோகேஷ் கனகராஜின் ‘விக்ரம்’ (2022) கடைசிவரை உட்கார வைத்த படம். முதல் பாதியில் கமலைக் கொஞ்சமாகவே காட்டி, பகத் பாசிலை வைத்துக் கதையை நகர்த்தியது கெட்டிக்காரத்தனம். விஜய் சேதுபதியின் நடையும் தோளும் பேசின. கடைசியில் சில நிமிஷமே வந்த சூர்யா தியேட்டரையே எழுப்பிவிட்டார். வெளியே வரும்போது என்ன மிஞ்சியது என்று பார்த்தேன். ‘ரோலக்ஸ்’ என்ற பெயர் மிஞ்சியது. அது ஒரு கைக்கடிகாரத்தின் பெயர்.

நெல்சனின் ‘ஜெயிலர்’ (2023) இதைவிட வேடிக்கை. ஓய்வுபெற்ற அதிகாரியாக, பேரனோடு விளையாடிக்கொண்டு, வீட்டில் பேச்சு எடுபடாத கிழவராக ரஜினி வரும் முதல் பாதி அருமை. என்னைப் போல் ஓய்வுபெற்றவர்கள் எல்லோரும் அதில் தங்களைப் பார்த்திருப்பார்கள். யோகி பாபுவோடு அவர் காரில் போகும் காட்சிகளில் நல்ல நடப்புத்தமிழ் இருந்தது. ஆனால் ஹீரோ வீரனாக மாறியதும் வாயை மூடிக்கொள்கிறார். பேச்சு முழுக்க வில்லன் விநாயகனுக்குப் போய்விடுகிறது. மலையாளம் கலந்த தமிழில் அவர் ‘மனசிலாயோ’ என்று கேட்டது நாடு முழுக்கப் பரவி, அடுத்த வருஷம் ‘வேட்டையன்’ படத்தில் அதையே வைத்து ஒரு பாட்டும் வந்துவிட்டது. ‘ஜெயிலர்’ படத்தின் பெரிய பாட்டு ‘காவாலா’. அதன் தலைப்பு தெலுங்கு. ஆக, அந்தப் படத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரு மலையாளச் சொல்லும் ஒரு தெலுங்குச் சொல்லும். நல்லதுதான், அண்டை மொழிகள். ஆனால் தமிழ்க்கணக்கில் வரவு வைக்க ஒன்றும் இல்லை.

‘லியோ’ (2023) மேல்தான் எனக்கு உண்மையான வருத்தம். இமாசலப் பிரதேசத்தில் ஒரு மலையூர். அங்கே மனைவி மக்களோடு குடியேறி, ஒரு கபே நடத்திப் பிழைக்கும் தமிழன். யோசித்துப் பாருங்கள், இது யார் கதை? நம் கதையல்லவா! திரையில் அதிகம் சொல்லப்படாத கதை. ஒரு தமிழ்க் குடும்பம் அவ்வளவு தூரத்தில் எப்படி வாழும்? காய்கறிக்காரரிடம் என்ன மொழி, பள்ளிக்கூடத்தில் என்ன மொழி, அண்ணன் தங்கைக்குள் சண்டை வந்தால் எந்த மொழியில் திட்டிக்கொள்வார்கள்? இதில் ஒன்றைக்கூடப் படம் கேட்கவில்லை. அந்த ஊரில் பார்க்கிறவர் பழகுகிறவர் எல்லோரும் சரளமாகத் தமிழ் பேசுகிறார்கள். பனிமலை பின்னால் தொங்கவிட்ட சீலைதான். விஜய் நன்றாக நடித்திருந்தார், குறிப்பாகத் தன்னை யாரும் நம்பவில்லையே என்று மனைவியிடம் உடைந்து அழும் இடத்தில். ஆனால் ஊரில்லாத மனுஷனுக்குப் பேச்சு எங்கிருந்து வரும்?

‘கூலி’ (2025) கதை விசாகப்பட்டினம் துறைமுகத்தில். தெலுங்குக்கு நாகார்ஜுனா, கன்னடத்துக்கு உபேந்திரா, மலையாளத்துக்கு சௌபின் சாகிர், இந்திக்கு ஆமிர் கான். பந்தியில் இலைக்கு ஒரு பதார்த்தம் வைத்த மாதிரி மாநிலத்துக்கு ஒருவர். சௌபின் மட்டும் மனசில் நின்றார். துறைமுகக் கூலிகள் பல மொழிக்காரர்கள். அவர்கள் ஒருவரோடு ஒருவர் எப்படிப் பேசிக்கொள்வார்கள் என்பதே ஒரு நல்ல காட்சிக்கு விஷயம். படத்துக்கு அதில் அக்கறை இல்லை.

யாருக்காக வாயை மூடினார்கள்?

ஏன் இப்படி? காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ‘பாகுபலி’யின் இரண்டு பாகங்கள் (2015, 2017) நாடு முழுக்க ஓடிய பிறகு ‘பான் இந்தியா’ என்று ஒரு ஆசை எல்லோருக்கும் வந்தது. எல்லா மாநிலத்திலும் ஓடணும் என்றால், எந்த மாநிலத்துக்கும் புரியாதது எதுவும் இருக்கக் கூடாது. வட்டார வழக்கு புரியாது, சிலேடை புரியாது, பழமொழி புரியாது. ஆகவே வெட்டு. மிச்சம் இருப்பது மெதுநடை, முறைப்பு, வாத்தியம். இவை எல்லா மொழியிலும் ஒன்றுதானே.

இதில் ஒரு வேடிக்கை. ‘பாகுபலி’யில் காலகேயர்கள் பேசும் ‘கிளிக்கி’ மொழியை உருவாக்கியவர் தமிழ்ப் பாடலாசிரியர் மதன் கார்க்கி. இல்லாத கூட்டத்துக்குச் சொல்லும் இலக்கணமும் செய்து கொடுக்கத் தமிழனால் முடிந்தது. இருக்கிற கூட்டத்துக்கு, அதாவது நமக்கு, பேச்சுக் கொடுக்கத்தான் நேரமில்லை.

சரி, வாயை மூடினால்தான் ஊர் ஊராகப் போக முடியுமா? இல்லை என்று இரண்டு படங்கள் நிரூபித்துவிட்டன. ‘புஷ்பா’ (2021) செம்மரம் வெட்டும் ஒரு கூலிக்காரன் கதை. அல்லு அர்ஜுன் பேசியது சித்தூர்ப் பக்கத்துத் தெலுங்கு. ஐதராபாத்காரருக்கே சில சொல் புதுசு என்றார் என் பக்கத்து வீட்டுத் தெலுங்கு நண்பர். அந்தப் படத்துக்காகத்தான் அவருக்கு தேசிய விருது கிடைத்தது. ‘காந்தாரா’ (2022) அதைவிட ஒரு படி மேலே. கர்நாடகக் கடலோரத்துப் பேச்சு, பூதகோலம், எருமைப் பந்தயம் என்று ஒரு சின்ன மண்ணை விட்டு வெளியே வராத படம். ரிஷப் ஷெட்டிக்கும் தேசிய விருது. இரண்டும் இந்தியில் பிரமாதமாக ஓடின. மும்பையில் எங்கள் கட்டடத்து மராட்டியப் பையன்கள் புஷ்பா மாதிரி தோளைச் சாய்த்துக்கொண்டு நடந்ததை நானே பார்த்தேன். சொந்த ஊரை இறுகப் பிடித்துக்கொண்டவன் வெளியூருக்குப் போனான். எல்லா ஊரும் என் ஊர் என்று சொன்னவன் பாதி வழியில் நின்றான்.

கணக்கும் அதைத்தான் சொல்கிறது. தெலுங்கு, கன்னடம், இந்தி மூன்றிலும் ஆயிரம் கோடி வசூலைத் தாண்டிய படங்கள் வந்துவிட்டன. 2025 முடிய ஒரு தமிழ்ப்படமும் அந்தக் கோட்டைத் தொடவில்லை. ஆனால் அந்தக் கோட்டைத் தாண்டிய ‘ஜவான்’ (2023) படத்தின் இயக்குநர் அட்லி, இசை அனிருத், கதாநாயகி நயன்தாரா, வில்லன் விஜய் சேதுபதி. ஆள் எல்லாம் நம்மவர்கள், மொழி இந்தி! பேச்சைக் கொடுத்து வசூல் வாங்கப் போனோம். பேச்சும் போச்சு, நினைத்த வசூலும் வரவில்லை.

வரவு வைத்த படங்கள்

எல்லாமே செலவுக்கணக்கு இல்லை. வரவும் உண்டு.

மணிரத்னத்தின் ‘பொன்னியின் செல்வன்’ (2022, 2023) இரண்டு பாகத்தையும் குடும்பத்தோடு தியேட்டரில் பார்த்தோம். கல்கியின் ஐந்து பாகத்தை ஐந்தரை மணி நேரத்தில் அடைத்ததில் எனக்குக் குறை நிறைய உண்டு. கதை படித்தவனுக்கு அவசரம், படிக்காதவனுக்குக் குழப்பம். பூங்குழலிக்கு இன்னும் கொஞ்சம் இடம் தந்திருக்கலாம். ஆனால் ஜெயமோகன் எழுதிய வசனம், பழைய ராஜா படங்களின் அடுக்குமொழியும் இல்லாமல், தெருப்பேச்சும் இல்லாமல், நேரான எளிய தமிழாக இருந்தது. கார்த்தியின் வந்தியத்தேவனும் ஜெயராமின் ஆழ்வார்க்கடியானும் வாய்ச்சண்டை போடும் இடங்களில் தியேட்டரே சிரித்தது. வெடி இல்லை, அடி இல்லை, வெறும் பேச்சுக்குச் சிரிப்பு! லோக்கல் ரயிலில் திரும்பும்போது பேத்தி கேட்டாள், ‘தாத்தா, ஓலைன்னா என்ன?’ தென்னை ஓலையில் ஆரம்பித்தேன். பனை ஓலை, ஓலைச்சுவடி, கல்யாண ஓலை, எங்கள் ஊர் ஓலைப்பாய், ஓலைக்கொட்டான், பதநீர் குடிக்கும் பட்டை என்று தாணே வரைக்கும் அந்த ஒரே சொல்லில் போனோம். ஒரு சொல் ஒரு பனங்காட்டையே கொண்டுவந்து ரயிலில் இறக்கிவிட்டது. இந்தப் படம் இந்தியில் பெரிசாக ஓடவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். தமிழ்நாட்டில் ஓடிய ஓட்டமே அதற்குப் போதுமாயிருந்தது.

நித்திலன் சாமிநாதனின் ‘மகாராஜா’ (2024) இன்னொரு நல்ல பாடம். சவரக்கடை வைத்திருக்கும் ஒருவர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், வீட்டில் ‘லட்சுமி’யைக் காணோம் என்று புகார் கொடுக்கிறார். லட்சுமி என்பது ஒரு குப்பைத்தொட்டி. அதே கதையை அதே வார்த்தையில் ஒவ்வொரு போலீஸ்காரரிடமும் சொல்கிறார். முதலில் சிரிக்கிறோம். முடிவில் அதே வார்த்தைகளை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. ஹீரோ அதிகம் பேசுகிறவர் இல்லை. ஆனால் பேசும் ஒவ்வொரு சொல்லுக்கும் வேலை இருக்கிறது. இந்தப் படம் சீனாவில்கூட ஓடியது.

‘அமரன்’ (2024) மேஜர் முகுந்த் வரதராஜனின் வாழ்க்கை. ‘லியோ’ செய்யாததை இந்தப் படம் செய்தது. வீட்டில் தமிழ், காதலி இந்துவின் வீட்டில் மலையாளம், ராணுவத்தில் இந்தி. சாய் பல்லவி தமிழ் பேசினாலும் மலையாளம் எட்டிப் பார்க்கிறது. சிவகார்த்திகேயன் சிப்பாய்களோடு பேசும்போது வேறு மனுஷராகிவிடுகிறார். நம் வீடுகளில் தினமும் நடப்பது இதுதானே? சமையலறையில் ஒரு மொழி, லிப்டில் ஒரு மொழி, ஆபீசில் ஒரு மொழி. ஒரு வெற்றிப்படத்தில் முதல்தடவையாக என் வீட்டுச் சத்தத்தைக் கேட்டேன்.

பெரிய வசூல்படம் இல்லையென்றாலும் ‘மெய்யழகன்’ (2024) பற்றிச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. தஞ்சாவூர் வீட்டை இழந்து சென்னை போனவர் வருஷங்கள் கழித்து நீடாமங்கலம் கல்யாணத்துக்கு வருகிறார். ஒரு உறவுக்காரர் அவரை விழுந்து விழுந்து கவனிக்கிறார். இவருக்கோ அவர் பெயரே ஞாபகமில்லை, கேட்கவும் கூச்சம். ராத்திரி முழுக்கப் பேச்சு. ஊருக்குப் போனால் நம்மில் யாருக்குத்தான் இது நடக்கவில்லை! அந்தப் படத்தை வெளியிட்ட சில நாளிலேயே நீளம் என்று பதினெட்டு நிமிஷம் வெட்டினார்கள். துப்பாக்கி நீளமாகச் சுட்டால் யாரும் வெட்டுவதில்லை. மனுஷன் நீளமாகப் பேசினால்தான் கத்தரிக்கோல் வருகிறது.

ஒரு மறுப்பும் என் பதிலும்

இதையெல்லாம் நண்பர் ஒருவரிடம் சொன்னபோது அவர் மறுத்தார். ‘சினிமான்னா காட்சிதான் ஓய். பேசிக்கிட்டே இருந்தா அது நாடகம். அதைத் தாண்டி வரத்தான் இத்தனை வருஷம் ஆச்சு’ என்றார். நியாயமான பேச்சு. மூச்சுவிடாத வசனம் திரும்பி வரணும் என்று நானும் கேட்கவில்லை. ‘நாயகன்’ (1987) பாருங்கள். நம் தாராவி மண்ணில் வைத்த கதை. பாலகுமாரன் எழுதிய வசனம் எல்லாம் நாலு சொல், ஐந்து சொல். கடைசியில் பேரன் கேட்கும் அந்த ஒரு சின்னக் கேள்வியை இன்றைக்கும் தமிழர் வீடுகளில் விளையாட்டாகவாவது கேட்கிறார்கள். ‘காலா’ (2018) வந்தபோது தாராவி செட்டைச் சென்னையில் போட்டார்கள். ஆனால் ஈஸ்வரி ராவ் பேசிய திருநெல்வேலிப் பேச்சு அசல். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி, ‘எங்க அம்மை பேசுத மாதிரியே இருக்கு’ என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எவ்வளவு பேசினார்கள் என்பது இல்லை என் கேள்வி. பேசுகிறவனுக்கு ஒரு ஊரும் ஒரு வீடும் இருக்கிறதா என்பதுதான்.

முடிக்கும் முன் என் தப்பையும் சொல்லணும். பேத்தி இந்தியில் படம் பார்த்ததற்கு லோகேஷ் கனகராஜ் மட்டுமா காரணம்? என் மகளோடு நான் தமிழில் பேசினேன். அவள் தன் மகளோடு பாதி நேரம் இந்தியில் பேசுகிறாள். நானும் ‘சீக்கிரம் புரியட்டும்’ என்று பேத்தியிடம் இந்தி கலந்துதான் பேசிவந்தேன். நாம் வீட்டில் செய்யாததைத் தியேட்டர் செய்யணும் என்று எதிர்பார்த்தால் அது சினிமாவின் குற்றம் இல்லை.

ஆகவே, நம் சங்க அன்பர்களுக்கு ஒரு சிறு வேண்டுகோள். அடுத்த பெரிய படம் வரும்போது, காட்சி நேரம் வசதியில்லை என்றாலும், பிள்ளைகளைத் தமிழிலேயே கூட்டிப் போங்கள். கீழே ஓடும் ஆங்கில எழுத்தைப் படித்துக்கொள்ளட்டும், பரவாயில்லை. திரும்பும் வழியில் போனை உள்ளே வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘படத்துல உனக்குப் புரியாத தமிழ் வார்த்தை ஏதாவது இருந்துச்சா?’ இருந்தது என்றால் அது நல்ல படம். ரயில் உங்கள் ஸ்டேஷனுக்கு வரும்வரை பேச உங்களுக்கு விஷயம் இருக்கிறது. ஒன்றுமே இல்லை, எல்லாம் புரிந்தது என்றால், அந்தப் படம் எத்தனை கோடி வாங்கியிருந்தாலும், என் கணக்குப்புத்தகத்தில் அந்தப் பக்கம் காலிதான்.